பாடங்கள் மறந்துவிட்டன, பேராசிரியர் மறக்கவில்லை: உங்களிடம் எஞ்சியிருப்பது எது?

ஆய்வகவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் வேதியியலில் பட்டம் பெற்று 22 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பணியாற்றுகிறேன். எங்களுக்கு இயற்பியல் வேதியியல் கற்பித்த பேராசிரியர் விரைவில் பணி ஓய்வு பெறவிருக்கிறார். பழைய மாணவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும், அவற்றையெல்லாம் தொகுத்து அவரிடம் கொடுக்கப்போவதாகவும் துறையிலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாலைகள் தாளை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிறகுதான், அவர் நடத்திய வகுப்புகளில் ஒன்றைக்கூட என்னால் முழுமையாக நினைவுகூர முடியவில்லை என்பதை உணர்ந்தேன். வெப்ப இயக்கவியலை அவர் எங்கிருந்து தொடங்கினார், எந்தச் சமன்பாட்டை எப்படி வருவித்தார் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

நினைவில் நிற்பது ஒரே ஒரு நிகழ்ச்சி. இரண்டாம் ஆண்டில் தரம்பார்த்தல் சோதனை ஒன்றில் பியூரெட் என்ற அளவுக்குழாயின் அளவைத் தவறாகப் படித்துவிட்டு, அதைப் பிளேடால் சுரண்டி எடுத்து, அதன்மேல் புதிய எண்ணை எழுதிக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, முதலில் அங்கே இருந்த எண் என்ன என்று மட்டும் கேட்டார். எனக்கு அது நினைவில்லை. அதுதான் சிக்கல் என்றார். தவறான அளவீட்டை அழிக்கக் கூடாது. அடியில் இருப்பதைப் படிக்க முடிகிறபடி அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும் என்று செய்து காட்டினார். முதலில் படித்த எண்தான் சரி என்று பிற்பாடு தெரியவரக்கூடும் என்பது அவர் சொன்ன காரணம்.

இன்று என் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளில் கற்றுக்கொடுப்பது இதைத்தான். நெறிமுறைக் கையேடுகளிலும் இதே விதி இருக்கிறது என்றாலும், அவற்றைப் படித்து நான் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் மற்றவர்கள் அவருடைய புலமையைப் பற்றியும் உரைவீச்சைப் பற்றியும் எழுதும்போது, நான் ஒரு பேனாக் கோட்டைப் பற்றி எழுதினால் அது அவருக்குச் சிறுமையாகத் தோன்றாதா என்று தயங்குகிறேன். உங்கள் கல்லூரிப் பேராசிரியர்களிடமிருந்து உங்களிடம் எஞ்சியிருப்பது எது? அது பாடம்தானா, வேறொன்றா?

இல்லிக்குடம் எழுதியது:

தங்கள் கேள்வியைப் படித்ததும் என் இலக்கணப் பேராசிரியை நினைவுக்கு வந்தார். என் புனைபெயருக்கும் அவரே காரணம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாகச் சொல்கிறார். அதோடு நிறுத்தாமல், ஆசிரியராகத் தகாதவர்களுக்கும் நான்கு உவமைகள் தருகிறார். கழற்சிக்காய்களை ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால் அவை போட்ட முறையில் வெளியே வாரா. அதுபோலக் கற்ற வரிசையை விட்டுத் தாறுமாறாகக் கொட்டுகிறவர் கழற்குடம். தானாக விழும் பழத்தைத் தவிரத் தன்னிடம் நெருங்கி எதையும் எடுக்க விடாத கருக்கு மட்டையுடைய பனை ஒன்று. சிறிது சிறிதாகப் பஞ்சை அடைத்து, சிறிது சிறிதாகவே பிடுங்கி எடுக்க வேண்டிய பருத்திக்குண்டிகை ஒன்று. நீர் ஊற்றியவனை விட்டு அடுத்த வீட்டுக்குக் காய் தரும் முடத்தெங்கு இன்னொன்று. இவற்றை நடத்தி முடித்த அன்று எங்கள் பேராசிரியை ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, தான் இந்த நான்கில் எது என்று பெயர் குறிப்பிடாமல் எழுதித் தரச் சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெரும்பாலோர் அச்சத்தாலோ அன்பாலோ நிலம் என்றும் மலை என்றும் எழுதினோம். கேட்டது அந்த நான்கு இல்லை என்று அவர் சிரித்தார். ஒரே ஒரு தாளில் மட்டும் பருத்திக்குண்டிகை என்று எழுதியிருந்தது. அதை உரக்கப் படித்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை.

மறுநாள் முதல் அவருடைய வகுப்பு மாறியது. முந்தைய வகுப்பில் எது விளங்கவில்லை என்று கேட்டு, அதற்கு விடை சொல்லிய பிறகே அவர் புதிய நூற்பாவுக்குப் போவார். ஐம்பதை நெருங்கிய, தம் துறையில் மதிக்கப்பட்ட ஒருவர், பெயர் தெரியாத ஒரு மாணவரின் ஒரு சொல்லுக்காகத் தம் நடைமுறையை மாற்றிக்கொண்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தத் தாளை எழுதியவன் நானில்லை. நானாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றும் தோன்றுவதுண்டு.

நான் இப்போது பிழை திருத்தும் பணியில் இருக்கிறேன். ஒரு கைப்பிரதியைத் திருத்தி அனுப்பும்போது, என் திருத்தங்களில் எது தங்களுக்கு உடன்பாடில்லை என்று நூலாசிரியரைக் கேட்டு ஒரு வரி சேர்ப்பது என் வழக்கம். நன்னூல் நூற்பாக்களில் பாதிக்கு மேல் எனக்கு ஒழுகிப்போய்விட்டது (இல்லிக்குடத்தை, அதாவது ஓட்டைக் குடத்தை, கடை மாணாக்கருக்கு உவமை சொன்னதும் அதே பவணந்தியார்தான்), அந்த ஒரு வரி மட்டும் ஒழுகவில்லை.

ஆகவே பேனாக் கோட்டைப் பற்றியே எழுதுங்கள். நிலத்தின் இயல்புகளில் ஒன்றாக அந்த நூல் சொல்வது, பருவத்துக்கும் உழவரின் முயற்சிக்கும் ஏற்ற அளவில் பயன் தருவதை. தங்கள் வயலில் விளைந்தது அதுதான் என்றால் அதைத்தானே கொண்டுபோய்க் காட்ட முடியும்?

திட்டவிலக்கம் எழுதியது:

இத்தகைய நினைவுகளின் மீது எனக்குச் சற்று ஐயம் உண்டு. நாம் விரும்பிய ஆசிரியரும் நமக்கு அதிகம் கற்பித்த ஆசிரியரும் ஒருவரேதான் என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் தரவுகள் அப்படிச் சொல்லவில்லை.

அமெரிக்க விமானப்படை அகாதெமியில் மாணவர்கள் தாமாகப் பேராசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பொதுப் பாடங்களில் குலுக்கல் போன்ற முறையில் பிரிவுகளுக்கு ஒதுக்கப்படுகிறார்கள், எல்லாப் பிரிவினரும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள். இதைப் பயன்படுத்தி ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 10,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நுண்கணிதத்தில் அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பருவத்தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள், தங்கள் ஆசிரியரையும் உயர்வாக மதிப்பிட்டார்கள். ஆனால் அதற்கு அடுத்த நிலைப் பாடங்களில் மேலாக நின்றவர்கள், அனுபவம் மிக்க, மாணவர்களிடம் குறைந்த மதிப்பீடு பெற்ற ஆசிரியர்களிடம் படித்தவர்களே. தேர்வுக்கு மட்டும் தயார் செய்யாமல் ஆழமாக நடத்தியவருக்கு அந்த ஆண்டில் நன்றி கிடைக்கவில்லை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

மறுபக்கம் 2014இல் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் 30,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் நடத்திய கணக்கெடுப்பு இருக்கிறது. படிப்பில் ஆர்வத்தைத் தூண்டிய பேராசிரியர் ஒருவராவது வாய்த்தார் என்று உறுதியாகச் சொன்னவர்கள் 63 விழுக்காட்டினர். தம்மை ஒரு மனிதராக மதித்து அக்கறை காட்டினார்கள் என்று சொன்னவர்கள் 27 விழுக்காட்டினர். தம் கனவுகளுக்கு ஊக்கம் தந்த வழிகாட்டி கிடைத்தார் என்றவர்கள் 22 விழுக்காட்டினர். மூன்றும் வாய்த்தவர்கள் 14 விழுக்காட்டினரே, அவர்கள் பிற்காலத்தில் தம் வேலையில் ஈடுபாட்டுடன் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று அந்த அறிக்கை கூறியது. எனினும் இது நினைவிலிருந்து சொல்லப்பட்ட பதில். இன்று வேலையில் மகிழ்ச்சியாக இருப்பவருக்குப் பழைய ஆசிரியர்களும் இனிமையாகவே தெரிவார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் புள்ளியியல் நடத்திய ஒருவருக்கு ஆண்டிறுதிக் கருத்துப்படிவத்தில் நான் மிகக் குறைந்த மதிப்பெண் அளித்தேன். விடை சரியாக இருந்தாலும் எந்த எடுகோளை ஏற்றுக்கொண்டு அங்கே வந்தோம் என்று எழுதாவிட்டால் அவர் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். அது எங்களுக்கு வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. இன்று நான் சரிபார்க்கும் அறிக்கைகளில் முதலில் தேடுவது எடுகோள்களைத்தான். அந்தப் படிவத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

ஆய்வகவாசி அவர்களுக்கு என் கருத்து இதுதான்: தங்கள் நினைவு இங்கே சொல்லப்படுகிற பல நினைவுகளைவிட நம்பகமானது, ஏனெனில் அவர் எப்படிப்பட்டவராகத் தோன்றினார் என்பதைத் தாங்கள் சொல்லவில்லை, அவர் கற்றுக்கொடுத்ததைத் தாங்கள் இன்றும் செய்கிறீர்கள்.

வெற்றுக்கணம் எழுதியது:

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவள் நான். என் நெறியாளர் நான்கு ஆண்டுகளில் எனக்கு ஒரு நிறுவலைக்கூட முழுதாகச் சொல்லித் தந்ததில்லை. எழுதிக்கொண்டு போனால், ஓர் இடத்தில் விரலை வைத்து, இது ஏன் என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அடுத்த வாரம் வரச் சொல்லுவார். அப்போது அழுதிருக்கிறேன். இப்போது என் நிறுவலை நானே படிக்கும்போது அந்த விரல் தாளின்மேல் நகர்வது போலவே இருக்கிறது.

இப்படிக் கற்பிப்பதற்குக் கணித உலகில் ஒரு பெயர் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1920 முதல் 1969 வரை பணியாற்றிய ராபர்ட் லீ மூர், பாடநூல் எதையும் கையாளாமல், வரையறைகளையும் தேற்றங்களின் கூற்றுகளையும் மட்டும் கொடுத்து, நிறுவல்களை மாணவர்களே கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும் என்று நடத்தினார். அது மூர் முறை என்றே அழைக்கப்படுகிறது. அவரிடம் ஆய்வு செய்தவர்களில் பலர் பெரிய கணிதவியலாளர்கள் ஆனார்கள். ஆனால் அதே மூர் கறுப்பின மாணவர்களைத் தம் வகுப்பில் சேர்க்க மறுத்தவர். விவியன் மலோன்-மேயஸ் அவருடைய வகுப்பில் இடம் மறுக்கப்பட்டு, அதே பல்கலைக்கழகத்தில் வேறு பேராசிரியரிடம் ஆய்வு செய்து 1966இல் முனைவர் பட்டம் பெற்றார். மூரைப் பற்றி நன்றியோடு எழுதியவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் அந்த அறைக்குள் விடப்பட்டவர்கள்.

இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. என் நெறியாளரிடம் என்னோடு சேர்ந்த இன்னொருவர் இரண்டாம் ஆண்டிலேயே ஆய்வை விட்டுச் சென்றார். அந்த விரலை அவரால் தாங்க முடியவில்லை. நான் எழுதும் புகழுரையில் அவருக்கு எங்கே இடம் தருவது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பின்வரிசை எழுதியது:

விருப்பத்துக்குரிய பேராசிரியர் என்று எனக்கு ஒருவரும் இல்லை. வாய்மொழித் தேர்வில் நான் ஒரு சொல்லைப் பலுக்கிய விதத்தைக் கேட்டு ஒருவர் சிரித்தார்; அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். அதற்குப் பின் 11 ஆண்டுகள் நான் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை. அவருக்கு இது தெரியவே தெரியாது. நீடித்த தாக்கம் என்று பேசும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதற்காகவே எழுதினேன், வேறு ஒன்றுமில்லை.

சுண்ணக்கட்டி எழுதியது:

பின்வரிசை அவர்களே, தாங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் 31 ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் அப்படி யாரேனும் உட்கார்ந்திருந்தார்களா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, தங்களைப் போன்றவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை என்பதால். நன்றி சொல்ல வருகிறவர்களை மட்டும் கொண்டு ஓர் ஆசிரியர் தம்மை அளந்துகொண்டால், அந்த அளவுகோலே கோணல்தான்.

வந்து சொல்கிறவர்கள் சொல்வதும் வியப்பாகவே இருக்கும். நான் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த மின்காந்தவியல் உரைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. விடைத்தாளின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு சொற்களை 20 ஆண்டுகள் வைத்திருந்தவர் உண்டு. ஒருவர், நான் கொடுத்த ஒரு புத்தகம் தம் வாழ்க்கையை மாற்றியதாகச் சொல்லி நன்றி தெரிவித்தார். அந்தப் புத்தகம் என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. என் சக ஆசிரியர் ஒருவர் கொடுத்திருக்க வேண்டும். நான் திருத்தவில்லை. அந்த ஆசிரியர் அப்போது உயிரோடு இல்லை, அவர் சார்பில் வாங்கிக்கொண்டேன்.

பணிக்காலத்தின் பிற்பகுதியில்தான் நான் கற்றுக்கொண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் பள்ளி அறிவியல் வகுப்புகளில் அளந்து பார்த்து 1970களில் எழுதினார். சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, பதிலே சொல்லாதவர்கள் குறைகிறார்கள் என்று கண்டார். இதைப் படித்த பிறகு நான் மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒரு வகுப்பறையில் மூன்று நொடி மௌனம் எவ்வளவு நீளமானது என்பது அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த மௌனத்தில்தான் கடைசி வரிசையிலிருந்து கைகள் உயர்ந்தன. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் அந்தக் கைகளை நான் முந்திக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று, நம்பி ஒப்படைப்பது. மியூனிக்கில் கற்பித்த இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டிடம் முனைவர் பட்டம் பெற்ற டிபை, ஹைசன்பர்க், பவுலி, பேத்தே ஆகிய நால்வருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 80க்கும் மேற்பட்ட முறை பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. சார்பியல் கோட்பாடு பற்றிக் கலைக்களஞ்சியத்துக்கு ஒரு நீண்ட கட்டுரை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, அதை இருபது வயதுகூட நிரம்பாதிருந்த பவுலியிடம் கொடுத்தார். 1921இல் வெளிவந்த அந்தக் கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. முதலாமாண்டில் சேர்ந்த ஹைசன்பர்க்கிடம், அப்போது எவருக்கும் விடை தெரியாதிருந்த நிறமாலைத் தரவுகளைக் கொடுத்து என்ன தோன்றுகிறது என்று கேட்டார். என் மாணவர்களில் பவுலி ஒருவரும் இல்லை; நான் சோமர்ஃபெல்டும் இல்லை. இருந்தாலும் ஆய்வகச் சாவியை ஒரு மாணவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன நாள்களில், மறுநாள் அவர் நடையே வேறாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வகவாசி, தங்களுக்கு இரண்டு சொற்கள். முதலாவது, அந்தப் பக்கத்தில் மாபெரும், ஒப்பற்ற, தன்னலமற்ற என்ற அடைமொழிகளைத் தவிர்த்துவிடுங்கள். விழாத் தொகுப்புகள் எனக்கும் கிடைத்திருக்கின்றன. அடைமொழிகள் எல்லாப் பக்கங்களிலும் ஒன்றாகவே இருக்கும். எந்த ஆண்டு, எந்தச் சோதனை, தாங்கள் என்ன செய்தீர்கள், அவர் என்ன செய்தார், அதனால் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். சன்னல் வெளிச்சத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது, தொகுப்போடு நின்றுவிடாமல் நேரில் போய்ப் பாருங்கள். பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1979இல் நோபல் பரிசு பெற்ற பின், பிரிவினைக்கு முன் லாகூரில் தமக்குக் கணிதம் கற்பித்த அனிலேந்திர கங்குலியைத் தேடிக் கண்டுபிடித்து, கொல்கத்தாவில் முதுமையில் படுக்கையில் இருந்த அவரிடம் தம் பதக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து வணங்கினார். நமக்குப் பதக்கம் வேண்டியதில்லை. ஆனால் எனக்குக் கற்பித்தவரைப் பார்க்க நான் போனபோது, அவருக்கு என்னை அடையாளம் தெரியாத நிலை வந்துவிட்டிருந்தது.

ஆய்வகவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பின்வரிசை அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது: அன்று என் பேராசிரியர் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, ஆய்வகத்தில் மற்ற மாணவர்களும் இருந்தார்கள். அவர் சிரித்திருந்தால் அவர்களும் சிரித்திருப்பார்கள். அவர் கேள்வியை எனக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார் என்பது, நினைவைத் துருவியபோதுதான் தெரிந்தது. வெற்றுக்கணம் அவர்களின் தோழரைப் போல இடையில் விலகியவர் எங்கள் வகுப்பில் எவரேனும் உண்டா என்றும் யோசித்துப் பார்த்தேன். இருவர் உண்டு. காரணம் எனக்குத் தெரியாது. அப்போது கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். அடைமொழி ஒன்றும் இல்லை. தேதியைச் சரிபார்ப்பதற்காக, பரணில் கிடந்த பழைய பெட்டியிலிருந்து அந்தக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். சுரண்டிய இடம் தாளில் இன்னும் மெலிந்தே இருக்கிறது; வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவுகிறது, எண் மட்டும் தெரியவில்லை. அதற்கு நான்கு பக்கங்கள் தள்ளி, கந்தக அமிலச் சோதனையின் முடிவில் அவர் சிவப்பு மையால் 6 என்று மதிப்பெண் போட்டிருக்கிறார். அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 8 என்று எழுதி, சுருக்கொப்பமும் மறுநாள் தேதியும் இட்டிருக்கிறார். என்னிடம் அவர் ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. நானும் அப்போது 8ஐ மட்டும்தான் பார்த்திருப்பேன். அந்தப் பக்கத்தைப் படியெடுத்து என் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.